சத்தம் நின்ற மாடி

எனக்குப் பேய், முனி, காட்டேறி எதிலும் நம்பிக்கை கிடையாது. இதைச் சொல்லி முடித்த பிறகு நீங்கள் சிரித்தாலும் சரி, நான் அதையேதான் சொல்வேன். என் தொழில் அப்படி. ஹட்டனில் ஒரு சின்னக் கடையை வைத்துக்கொண்டு ஃபெக்டரிகளுக்கு நெருப்பு அபாய சைரன் பூட்டிக் கொடுக்கிறவன் நான். ஒரு வயரில் கரண்ட் இருக்கும், இல்லையென்றால் இருக்காது, இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது என்று பழகிப்போன புத்தி. தோட்டங்களில் வேலை முடித்து, இருட்டிய பிறகு தனியாக மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறேன். ஒருமுறை சுடுகாட்டுக்குப் பக்கத்திலேயே வண்டி நின்று போய், பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வந்தேன். பயம் வந்ததில்லை, குளிர்தான் வந்தது.

நான் சொல்லப் போவது பட்டப்பகலில் நடந்தது. பத்துப் பேருக்கு மேல் கூட இருந்தார்கள். நான் குடிக்கிறவனும் இல்லை. இவ்வளவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்விகள் இவைதான்.

மஸ்கெலியாவைத் தாண்டி, கீழே நீர்த்தேக்கம் தெரிகிற ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், எனக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது. பழைய தேயிலை ஃபெக்டரி, தகரச் சுவர், பலகைத் தளம். கீழே கொழுந்தைச் சுருட்டுகிற ரோலர்களும், அதைச் சூட்டில் காய வைக்கிற டிரையரும். மேலே கொழுந்து வாட்டுகிற மாடி. அந்த மாடியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் கொஞ்சம் சொல்கிறேன். நீளநீளமான தொட்டிகள், மேலே கம்பி வலை, வலையின் மேல் பச்சைக் கொழுந்தைப் பரப்பியிருப்பார்கள். ஒவ்வொரு தொட்டியின் தலைமாட்டிலும் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபேன். அது கீழே டிரையர் பக்கத்துச் சூட்டுக் காற்றையும் இழுத்து வலைக்கு அடியில் ஊதும். எல்லா ஃபேனும் ஓடும்போது தளமே நடுங்கும். பக்கத்தில் நிற்பவரின் காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் கேட்கும். அங்கே வேலை செய்கிற பெண்கள் கத்துவதே இல்லை. உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும் பேசிக்கொள்வார்கள், சிரிப்பார்கள், சண்டைகூடப் போடுவார்கள். புதிதாகப் போகிறவனுக்கு ஏதோ சத்தமில்லாத நாட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும், அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலே.

சைரன் வேலையில் கஷ்டமே இதுதான். சைரன் பூட்டுவது பெரிய விஷயம் இல்லை, அது கேட்க வேண்டும். சுற்றியிருக்கிற சத்தத்தைவிட நன்றாகவே தூக்கலாக இருக்க வேண்டும், அதோடு சுதியும் வேறாக இருக்க வேண்டும். ஃபேன் ஒரே சுதியில் உறுமிக்கொண்டிருக்கும், சைரனும் அதே சுதியில் ஊளையிட்டால் இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இப்படிப்பட்ட இடங்களில் சிவப்பு மின்னல் விளக்கும் சேர்த்துப் பூட்ட வேண்டும். இதையெல்லாம் நான் அந்த ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் சொல்லியிருந்தேன். நல்ல மனுஷன். ஆனால் அவர் கையில் ஒன்றுமில்லை.

"நீங்க சொல்றது வெளங்குதுங்க. ஆனா கொழும்பு ஆபீஸ்ல ஒரு சைரனுக்குத்தான் சரின்னு சொல்லிருக்காங்க. டிரையர் பக்கத்துல போட்டுட்டு, மேல கேக்கலன்னா கேக்கலன்னு அவங்களுக்குக் காட்டுங்க, நான் பேசுறேன்" என்றார்.

அதனால் காட்டுவதற்குத்தான் அன்று போயிருந்தோம். நானும் நிமலும். நிமல் என்னோடு வேலை செய்கிறவன், கினிகத்தேனைக்காரன், சிங்களவன், என் வயதுதான். தமிழை என்னைவிட வேகமாகப் பேசுவான். முந்தின நாளே டிரையருக்குப் பக்கத்தில் சைரனைப் பூட்டி, சூடு ஏறினால் தானாக அடிக்கிற மாதிரி இணைப்பும் கொடுத்துவிட்டோம். அன்று சோதனை மட்டும்தான் பாக்கி. கொழுந்து குவிந்து வருகிற காலம், மெஷின்கள் காலையிலிருந்து நிற்கவேயில்லை. வெளியே மழையும் மூட்டமும்.

நிமல் கீழே பட்டனை அழுத்தினான். நான் மாடியில் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. அவன் படியேறி வந்து கையை விரித்துக் காட்டினான், நானும் கையை விரித்தேன். பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். மாடிக்குப் பொறுப்பாக இருந்தவர் செவனம்மா அக்கா, ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். அவர் என் காதுக்குக் கிட்டே வந்து கத்தினார்.

"தம்பி! கோயில் மணி மாதிரி சைரன் கேக்கும்னு சொன்னீங்களே!"

"அதான்க்கா கேக்கலன்னு காட்டப் போறேன்!" என்று நானும் கத்தினேன்.

சத்தத்தை அளக்கிற மீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது, உள்ளங்கை அளவு. அதை நடுத் தொட்டியின் ஓரத்தில் வைத்தேன். என் ஃபோனை எதிரில் ஒரு பெட்டியின் மேல் சாய்த்து வைத்து, மீட்டரின் நம்பரும் பின்னால் முழு மாடியும் தெரிகிற மாதிரி வீடியோவை ஓடவிட்டேன். நிமல் மறுபடி கீழே போய் அழுத்துவான், சைரன் கேட்கவில்லை என்பதற்கு வீடியோ சாட்சி, அதைக் கொழும்புக்கு அனுப்பிவிடலாம், இதுதான் திட்டம். நிமல் சரியென்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போனான்.

நான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று காத்திருந்தேன். பெண்கள் கொழுந்தைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அது நடந்தது.

முதலில் என் காது அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன். கினிகத்தேனையிலிருந்து பஸ்ஸில் மேலே ஏறும்போது அடைக்குமே, அந்த மாதிரி. எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். அடைப்பு இல்லை. சத்தம் இல்லை, அவ்வளவுதான். கரண்ட் போனால் ஃபேன்கள் மெல்ல இழுத்து இழுத்து அடங்கும். இது அப்படி அடங்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த உறுமல் அந்த நொடியில் இல்லாமல் போனது. நான் ஃபேனைப் பார்த்தேன். சுற்றிக்கொண்டிருக்கிறது. வலையின் மேல் கொழுந்து காற்றில் எழும்பி எழும்பி அடங்குகிறது. ஃபேன் பெட்டியில் கையை வைத்துப் பார்த்தேன், எப்போதும் போல நடுங்குகிறது. சத்தம் மட்டும் இல்லை.

தகரத்தில் மழை விழுவது கேட்டது. யாரோ ஒரு பெண்ணின் வளையல் கேட்டது. என் மூச்சு எனக்கே கேட்டது. கீழேயிருந்து, அடுத்த அறையில் அடிப்பது மாதிரி அவ்வளவு தெளிவாக, சைரன் கேட்டது.

நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சைரன் காதில் விழுந்தது எனக்கு மட்டும் இல்லை. எல்லாப் பெண்களும் கையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி நின்றார்கள். எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. நிமல் பட்டனை அழுத்திவிட்டான் என்றுதான் நினைத்தேன். செவனம்மா அக்கா ஜன்னல் ஓரமாக நின்றிருந்தார். கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்த்துவிட்டு, சாதாரணக் குரலில் பேசினார். வீட்டில் பேசுகிற குரல்.

"தம்பி, ஒங்க ஆளு அந்தா டீக்கடையில நிக்கிறாரு."

நான் எட்டிப் பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிமல் கையில் கிளாஸோடு நின்றிருந்தான், பட்டனை அழுத்துவதற்கு முன்னால் டீ குடிக்கப் போயிருக்கிறான்.

அப்படியென்றால் சைரன் தானாக அடிக்கிறது. டிரையரில் நெருப்பு. மாடிக்கு வருகிற பெரிய படி டிரையருக்குப் பக்கத்தில்தான் இறங்குகிறது.

இதை நான் வாய் திறந்து சொல்வதற்குள் செவனம்மா அக்காவுக்கு விளங்கிவிட்டது. "முன்பக்கம் வேணாம். பின்னால எறங்குவோம். சாக்க நகட்டுங்கடி" என்றார். கத்தவே இல்லை. மாடியின் கடைசியில் கொழுந்து மூட்டை ஏற்றுகிற ஒரு கதவு உண்டு, வெளியே இரும்புப் படி. கதவுக்கு முன்னால் வெறும் சாக்குகளைக் குவித்து வைத்திருந்தார்கள். எல்லோரும் போய் இழுத்துப் போட்டார்கள். யாரும் ஓடவில்லை, யாரும் அழவில்லை. இவ்வளவு பெரிய ஆபத்தில் எனக்கு ஏன் பயமே வரவில்லை என்று பிறகு யோசித்தேன். அந்த அமைதிதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு வீட்டுக்குள் இருப்பது மாதிரி இருந்தது.

நானும் கடைசியாகக் கதவுப் பக்கம் போனேன். அப்போது எனக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. சின்ன இருமல், தூரத்து மூலையிலிருந்து. நான் திரும்பி நடந்தேன். கடைசித் தொட்டிக்கு அந்தப் பக்கம், சாக்கை விரித்து ஒரு பெண் படுத்திருந்தது. காய்ச்சலாம், கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று போனதாம். பெயர் கலா. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது, ஒன்றும் விளங்காமல்.

"எந்திரிங்க தங்கச்சி, வெளிய போவோம்" என்றேன்.

"மெஷின நிப்பாட்டிட்டாங்களா?" என்று கேட்டது.

பாருங்கள், அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. தூக்கத்தில் இருந்த ஆள், நாங்கள் யாரும் எதையும் சொல்லிக்கொடுக்காத ஆள். நான் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன். அதற்குள் பலகை இடுக்குகளில் இருந்து மெல்லிசாகப் புகை வரத் தொடங்கிவிட்டது. கதவைத் தாண்டி, மழையில் நனைந்த இரும்புப் படியில் இறங்கி, என் கால் மண்ணில் பட்டதும் முதுகுக்குப் பின்னால் உறுமல் திரும்பி வந்தது. முழுச் சத்தம். கலா பயந்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சைரன் அதற்குள் கரைந்து போய்விட்டது, கீழே நின்று காதைத் தீட்டிக் கேட்டும் எனக்குக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் டீமேக்கர் மெயினை இழுத்தார். அப்போது ஃபேன்கள் இழுத்து இழுத்து அடங்கின. நான் சொன்னேனே, அப்படித்தான் அடங்கும்.

கீழே வேலை செய்தவர்களும் முன்வாசல் வழியாக வெளியே வந்துவிட்டார்கள். அவர்கள் சைரனுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் கேட்டிருக்கிறது. செவனம்மா அக்கா மழையில் நின்றுகொண்டு தன் ஆட்களை எண்ணினார். மறுபடியும் ஒருமுறை எண்ணினார். எல்லோரும் இருந்தார்கள். அதற்குள் மாடி ஜன்னல்களில் இருந்து கறுப்பாகப் புகை தள்ளியது. ஃபேன்கள்தான் அவ்வளவு புகையையும் கீழேயிருந்து மேலே இழுத்திருக்கின்றன. ஆண்கள் குழாயும் மண்ணுமாக நின்று நெருப்பை அடக்கினார்கள். டிரையரும் மேல்தளத்தில் ஒரு பகுதியும் போனது. ஒரு ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிமல் ரோட்டைத் தாண்டி ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் டீமேக்கர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேல ஃபேன நீங்களா நிப்பாட்டுனீங்க?"

"இல்லிங்க. ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"பொம்பளைங்க எல்லாம் சத்தம் நின்னுச்சுங்கிறாங்க. கீழ நாங்க நிக்கிறோம், எங்களுக்கு நிக்கவே இல்லையே."

அப்போது பிள்ளைக் காம்பராவில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மா வெளியில் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைக் காம்பரா ஃபெக்டரிக்குக் கீழே, தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் தானாகவே சொன்னார்.

"நின்னுச்சுங்க ஐயா. பிள்ளைக எல்லாம் தூங்கிக்கிட்டிருந்துச்சு. ஃபெக்டரி சத்தம் நின்ன ஒடனே அம்புட்டும் ஒண்ணா முழிச்சு அழுவுதுங்க. அந்தச் சத்தத்துலயே தூங்கிப் பழகுன பிள்ளைக. நான் என்னமோ ஏதோன்னு வெளிய வந்து பாத்தேன்."

டீமேக்கர் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

என் ஃபோன் மாடியிலேயே கிடந்தது. மறுநாள் நிமல் தேடி எடுத்துக் கொடுத்தான், மேலெல்லாம் கரி, ஆனால் வேலை செய்தது. பக்கத்தில் மீட்டரும் கிடந்தது. நானும் நிமலும் எங்கள் கடை வேனில் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள். வீடியோவில் உறுமல் நிற்கவேயில்லை. மீட்டரின் நம்பர் கொஞ்சம்கூட இறங்கவில்லை. அந்த இரைச்சலுக்குள்ளேயே எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குகிறார்கள். செவனம்மா அக்காவின் உதடு அசைகிறது, ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனால் தூரத்தில் நிற்கிறவர்கள்கூட அவர் சொன்னதைச் செய்கிறார்கள். நான் கதவுவரை போகிறேன், நிற்கிறேன், யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பி அந்த மூலைக்கு நடக்கிறேன். இருமல் இல்லை. சைரனும் இல்லை.

"மச்சான், இதுல ஒனக்குக் கேட்டிருக்க ஏலாது" என்றான் நிமல்.

"கேட்டுச்சு."

"நான் இல்லன்னு சொல்லல்ல. ஏலாதுன்னு சொல்றேன்."

நாங்கள் வெளியே போகிற இடத்தோடு வீடியோவை நிறுத்திவிட்டோம். அதற்கு மேல் வெறும் மாடிதானே, அதில் என்ன பார்க்க இருக்கிறது.

பிறகு அந்த ஃபெக்டரியைத் திருத்தினார்கள். இந்த முறை கேட்டதெல்லாம் கிடைத்தது. ஒவ்வொரு தளத்துக்கும் தனிச் சைரன், சுதி வேறு. தொட்டிகளுக்கு மேல் சிவப்பு மின்னல் விளக்கு. பின்கதவு எப்போதும் திறக்கிற மாதிரி. இன்னொன்றும் சேர்த்துச் செய்தேன், சைரன் அடித்த மறுநொடி மாடி ஃபேன்கள் தானாக நின்றுவிடும். புகையையும் இழுக்காது, சத்தமும் குறையும். கொழும்பிலிருந்து வந்தவர் இது நல்ல யோசனை, எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். அனுபவம் சார் என்று சொல்லி விட்டுவிட்டேன்.

நெருப்புப் பிடித்துப் பல மாதம் கழித்து ஒருநாள், ஃபோனில் இடம் இல்லையென்று பழைய வீடியோக்களை அழித்துக்கொண்டிருந்தேன். கடையில் உட்கார்ந்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு. அந்த வீடியோ வந்தது. அழிப்பதற்கு முன்னால் எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று கடைசிவரை தள்ளிப் பார்த்தேன்.

நாங்கள் எல்லோரும் போன பிறகு மாடி காலியாக இருக்கிறது. ஃபேன்கள் சுற்றுகின்றன. பின்கதவு திறந்து கிடக்கிறது, வெளிச்சம் தெரிகிறது. பலகையிலிருந்து புகை எழும்புகிறது. அதே உறுமல். அப்படியே கொஞ்ச நேரம் ஓடுகிறது. பிறகு உறுமல் இல்லாமல் போகிறது.

என் ஃபோன் கெட்டுவிட்டதோ என்று சத்தத்தைக் கூட்டினேன். மழை கேட்கிறது. சைரன் தெளிவாகக் கேட்கிறது. ஃபேன் சுற்றுகிறது, கொழுந்து காற்றில் எழும்புகிறது. மீட்டரில் நம்பர் சரசரவென்று கீழே இறங்கி நிற்கிறது. மெயினை இழுத்ததால் வந்த அமைதி இல்லை அது, ஏனென்றால் சிறிது நேரத்தில் உறுமல் திரும்பவும் வந்து, நம்பரும் ஏறி, அதற்கும் பிறகுதான் ஃபேன்கள் உண்மையிலேயே அடங்குகின்றன. பிறகு புகை மூடிவிடுகிறது.

நாங்கள் இருந்தபோது வீடியோவில் பதியாத அமைதி, நாங்கள் ஒருவரும் இல்லாதபோது பதிந்திருக்கிறது.

நிமலிடம் காட்டினேன். அவன் இரண்டு தரம் பார்த்துவிட்டு, வெற்றிலைக் கடைக்குப் போய் வருகிறேன் என்று எழுந்து போய்விட்டான். அடுத்த முறை அந்த ஃபெக்டரிக்குச் சைரன் சோதனைக்குப் போனபோது செவனம்மா அக்காவிடம் காட்டினேன். சாப்பாட்டு நேரம், படியில் உட்கார்ந்திருந்தார். ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டார், பிறகு தூரப் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் ஒன்றும் இல்லை.

"நாந்தான் ரெண்டு தரம் எண்ணுனேனே தம்பி" என்றார்.

"ஆமாக்கா. எல்லாரும் இருந்தாங்க."

"நம்ம ஆளுக எல்லாரும் இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னும் யாரோ எறங்க வேண்டி இருந்திருக்கு போல."

டிஃபன் பெட்டியைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

இப்போதும் அங்கே சோதனைக்குப் போகிறேன். சைரன் அடிக்கும், விளக்கு மின்னும், ஃபேன் நிற்கும், பெண்கள் பின்படியில் வரிசையாக இறங்கி வருவார்கள், அக்கா எண்ணுவார். எண்ணிக்கை சரியாகத்தான் வரும். எல்லாம் முடிந்ததும் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டியது என் வேலை. நான் உடனே சாத்துவதில்லை. ஏன் என்று நிமலும் கேட்பதில்லை. கொஞ்ச நேரம் அதைத் திறந்தே விட்டு, படியைவிட்டு ஒதுங்கி நிற்கிறேன்.